தள்ள ஓர் ஆள்

"கார் சாவியக் குடுங்க."

பண்ணைக்காரர் வரதப்பனிடம் எதையும் கேட்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகும், சாலவாக்கம் ஏரிப் பனியில் கிளம்பாத அந்தக் காரைத் தினமும் தள்ளுபவர் அப்பாதான்.

"இஞ்சினீரு அம்மாவா! இந்தா," என்று சாவியை வீசினார்.

பேட்டரி முனைகளில் உப்பு பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, நட்டை முறுக்கினேன். பத்து நிமிட வேலை. ஒரே திருப்பில் உறுமியது.

"இனிமே தள்ள ஆள் வேணாங்க."

"மெக்கானிக்கு போன வருசமே இதத்தான் சொன்னான். நான்தான் தொடாதன்னேன். சரியாயிட்டா, உங்கப்பன் விடிஞ்சதும் இன்னாத்துக்கு என் வாசல்ல வந்து நிப்பான்?"

நட்டைப் பழையபடி தளர்த்தினேன்.

"நாளைக்கு உங்க புள்ளையத் தள்ளச் சொல்லுங்க."

காரைத் தள்ள வந்து வாசலில் நின்றிருந்த அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தேன்.