கடைசிச் சொல்

காலை 10.17க்கு அமலிக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் 10.20க்குத்தான் அவளுடைய டோக்கனைக் கூப்பிட்டார்கள். அந்த மூன்று நிமிடத்தில் அம்மா பிலோமியின் கையெழுத்து செல்லாததாகிவிட்டது. இனி, சம்மதம் கேட்டுப் பதியும் இயந்திரத்துக்கு அமலியேதான் பதில் சொல்ல வேண்டும்.

சிறப்புப் பள்ளியில் மூன்று வருடம் சலவை வேலை பழகியவள் அவள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்காக ஓர் இடம் இன்றுவரை காத்திருந்தது.

"சலவைக்கூட வேலை. வேண்டும்? வேண்டாம்?" என்றது இயந்திரம்.

"வேண்டாம்," என்றாள் அமலி.

பிலோமி கவுன்ட்டரில் இருந்தவரிடம் பாய்ந்தாள். "சார், எதைக் கேட்டாலும் கடைசி வார்த்தையத்தான் திருப்பிச் சொல்லுவா. காப்பியா டீயான்னா டீ. டீயா காப்பியான்னா காப்பி. கேள்வியக் கொஞ்சம் மாத்திக் கேக்கச் சொல்லுங்க."

"மாத்திக் கேட்டா நாம சொல்லிக்கொடுத்த மாதிரி ஆயிரும்மா. மேஜரான பொண்ணு. அவ இஷ்டம்."

"பதினெட்டு வருஷமா நான் வளக்கேன். அவ மேஜராகி மூணு நிமிஷம்தான சார் ஆவுது!"

"நீங்க பேசுனா டோக்கனே ரத்தாயிரும்."

இயந்திரம் விதிப்படி இன்னும் இரண்டு முறை கேட்டது. அமலி இரண்டு முறையும் பொறுமையாக, தெளிவாக, "வேண்டாம்" என்றாள்.

"உங்கள் முடிவை மதிக்கிறோம்," என்று சொல்லிவிட்டு அது அடுத்த டோக்கனைக் கூப்பிட்டது.

வாசலுக்கு வந்ததும் அமலி பையிலிருந்து சலவைக்கூடத் தொப்பியை எடுத்து, முடி வெளியே தெரியாமல் மாட்டிக்கொண்டாள். இப்போது அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"அம்மா, வேலைக்கு நேரமாச்சு."