ஏரிக்கு வந்த ஆறாம் வகுப்பு

அரியலூர்ப் பக்கம் தூர்வாரிய ஏரியில் வெயில் கொதிக்கிறது. கரையோரம் உருண்டைக் கற்கள் கிடக்கின்றன. பெரிய கல்லுக்கு யாரோ விபூதி பூசியிருக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். "இவருதான் டைனோசர் முட்டையக் கண்டுபிடிச்ச ரிப்போர்ட்டர். ரெண்டு வார்த்தை சொல்லுங்க சார்" என்கிறார் ஆசிரியை அனுசுயா. ரிப்போர்ட்டர் ராஜதுரை விபூதி பூசிய கல்லையே பார்க்கிறான். அவன் யூடியூபில் போட்ட வீடியோவை மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். காலையில்தான் நிலவியல் பேராசிரியர் கூப்பிட்டு, "அது முட்டை இல்ல தம்பி, வெறும் சுண்ணாம்புக்கல்லு. போடறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றார். வீடியோவை அவன் இன்னும் எடுக்கவில்லை. "உடைச்சுப் பாத்தீங்களா சார்?" என்று கேட்கிறாள் சிந்து என்கிற பெண். "வீடியோவே வந்துருச்சு, இவ உடைக்கச் சொல்றா" என்று பின்னாலிருந்து ஒருவன் சீண்ட, எல்லோரும் சிரிக்கிறார்கள். ராஜதுரையும் சிரித்துவைக்கிறான். செருப்பு நுனி மண்ணைக் கீறுகிறது. "முட்டைதாம்மா. ஆராய்ச்சி நடக்குது" என்கிறான், அவள் முகத்தைப் பார்க்காமல். சிந்து அதை அப்படியே நோட்டில் எழுதுகிறாள். கீழே சொன்னவர் பெயரையும் எழுதிவிட்டு நிமிர்கிறாள். "உங்க இனிஷியல் என்னங்க சார்?"