துரைப் பேய்

புதிதாகத் திறந்த தன் தீம் பார்க்கின் ‘பேய்க் கப்பல்’ குகையில் பக்கிரி பேய் வேஷத்தில் குதித்ததைப் பார்த்து, முதலாளி கலியமூர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீயெல்லாம் ஒரு பேயா? கொழந்தைங்க கைகுடுத்துட்டுப் போவுதுங்க! நேத்து கடலூர் ரோட்டுப் பார்க்குக்கு யாருக்கும் தெரியாம போயிருந்தேன். அங்க பேய் வீட்டுக்குப் பேரு ‘துரை பங்களா’வாம். அட்டைச் செவரு, உள்ள சுத்திக் காட்ட ஒரு லொடலொட வண்டி, தூ! ஆனா அந்தத் துரைப் பேய் இருக்கானே, எங்கழுத்தப் புடிச்சான் பாரு, உசுரே போயிடுச்சு. அவன் கால் தூசு பெறுவியாடா நீ?”

இன்னும் சிவந்திருந்த கழுத்தைத் தடவிக்கொண்டார்.

பக்கிரி முகமூடியைக் கழற்றினான்.

“நேத்து லீவு போட்டுட்டு அங்க துரைப் பேயா நின்னது நான்தான் மொதலாளி. அங்கயும் சுமாராத்தான் பண்ணிக்கினு இருந்தேன். வண்டியில உங்க மூஞ்சியப் பார்த்ததும் ஆவேசம் தன்னால வந்துடுச்சு.”