மஞ்சள் சேலை

சுருண்ட மிளகாய்ச் செடிகளை வேலுத்தாய் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். அடுத்த வயல் கருத்தப்பாண்டி தன் நோய்ச்செடிகளில் ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை. அங்கிருந்து பறந்து வந்த அசுவினிப் பூச்சிகள் அவள் வயலுக்கும் நோயைக் கொண்டுவந்தன. செடிகள் பிழைக்க வேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்து மஞ்சள் சேலை உடுத்தி, மிஞ்சியவற்றின் நடுவே நின்றாள். மஞ்சளைக் கண்ட பூச்சிகள் சேலையில் வந்து அப்பின. சேலை கறுத்ததும் அப்படியே கருத்தப்பாண்டி வீட்டு வாசலுக்குப் போனாள்.

“உங்க பூச்சிய எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி.”

“பூச்சிக்குப் பட்டாவா வாங்கி வச்சிருக்கேன்?” என்று சிரித்தார்.

அவர் மனைவி தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தாள். அவள் உடுத்தியிருந்த மஞ்சள் சேலையும் கறுத்திருந்தது.

“இவுக செடியப் புடுங்கணும்னு நானும் நேந்திருக்கேன் மைனி” என்றாள்.