முளைத்த கொடுக்கு

முல்லைத்தீவுக் கரையில், கிடுகு வேய்ந்த மீன்வாடிக் கொட்டிலுக்குள் காலை வெயில் கீறல் கீறலாக விழுந்து கிடக்கிறது. குனிந்தபடியே வலையிலிருந்து நண்டு கழற்றிக் கழற்றி மதலேனாவுக்கு இடுப்பு, நாரியெல்லாம் முறிகிறது. எதிரே அவள் புருசன் சவிரிமுத்து. போன மாரியில் வள்ளத்து எஞ்சின் காற்றாடி வெட்டிய அவன் வலக்கையில் இன்னும் உணர்ச்சி இல்லை. நரம்பு மெல்ல மெல்லத்தான் வளரும் என்று சொல்லி டொக்டர் அனுப்பிவிட்டார். கடித்தாலும் தெரியாது என்பதால், துள்ளுகிற நண்டெல்லாம் இப்போது அந்தக் கைக்குத்தான் போகின்றன. இப்போது அவன் பிடித்திருக்கிற நீலக்கால் நண்டுக்கு ஒரு கொடுக்கு பெரிது. மற்றது எப்போதோ அறுந்த இடத்தில் புதிதாக முளைத்தது. பாதியளவுகூட இல்லை, வெளிறிக் கிடக்கிறது. நண்டு அந்தச் சின்னக் கொடுக்கை விரித்துப் பார்க்கிறது, மூடிப் பார்க்கிறது, பிறகு அவனது வலக்கைச் சுட்டுவிரலைக் கவ்விக்கொள்கிறது. “இதுக்கு நரம்பும் சேர்ந்தெல்லோ முளைச்சிருக்கு,” என்கிறான் அவன். விரலில் சிவப்பாக ஒரு துளி திரள்கிறது. “ரத்தம் வருது, கழட்டிவிடட்டே?” மதலேனா கையை நீட்டுகிறாள். “விடப்பா,” என்கிறான் அவன், விரலையே பார்த்தபடி. “இன்னும் கொஞ்சம் கடிக்கட்டும்.”