மால்டாவின் பன்னிரண்டு

"புள்ளி சொல்ல இன்னும் ஒரே நாடுதான் பாக்கி. அதுவும் நம்ம மால்டா!" என்று விஸ்டின் கத்தியதில் ஊர் பேண்டுவாத்திய சங்கக் கூடமே அதிர்ந்தது.

திரையில் ஓடிய நாடுகளுக்கிடையிலான பாட்டுப் போட்டியில் அவர் மகள் டோரியன் முதலிடத்தில் நின்றாள். ஒவ்வொரு நாட்டு மக்களும் போனில் ஓட்டுப் போட, அதிக ஓட்டு வாங்கியவருக்கு அந்த நாட்டின் பன்னிரண்டு புள்ளிகள். பதினோரு புள்ளி பின்னால், அக்கார்டியன் வாசித்துப் பாடிய பின்லாந்துக் கிழவர்.

டோரியனின் அம்மா மார்தீஸ் மட்டும் பாதி கடித்த பஸ்தீஸிப் பலகாரத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

"என்னக்கா, பொண்ணு ஜெயிக்கப்போற நேரத்துல முகமே சரியில்லையே?" என்றான் பக்கத்து வீட்டு சென்சு. "நம்ம நாட்டுக்கே நாம ஓட்டுப் போட முடியாதுதான். அதுக்காக அந்தக் கிழவருக்கா பன்னிரண்டைத் தூக்கிக் குடுத்துடுவோம்?"

"அவர் பாடினாரா, ஆடு கத்துச்சான்னே தெரியலை!" என்று விஸ்டின் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

திரையில் அறிவிப்பாளர் தோன்றினாள். "மால்டா மக்களின் பன்னிரண்டு புள்ளிகள்... பின்லாந்துக்கு!"

ஒரே ஒரு புள்ளியில் வெற்றி கைவிட்டுப் போயிற்று. திரையில் டோரியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிழவரைக் கட்டிப்பிடித்தாள்.

மார்தீஸ் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "என்னை மன்னிச்சிடுங்க. நல்லாப் பாடினவங்களுக்குப் போட்டா நம்ம பொண்ணை முந்திடுவாங்களேன்னு பயந்தேன். இவரு எங்க ஜெயிக்கப்போறாருன்னு, ஒருத்தருக்கு உள்ள இருபது ஓட்டையும் இவருக்கே போட்டுட்டேன்."

விஸ்டின் திடுக்கிட்டார். "நீயுமா?"

"நீங்களுமா அண்ணே?" என்றான் சென்சு.

கூடத்தில் மற்ற எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.