வேனுக்கு ஒரு ஜன்னல்

"சீலப் பொட்டணத்துக்கு ஜன்னல் என்னத்துக்கு?"

"சீலைக்கு இல்ல புள்ள. மனுசனுக்கு."

"எந்த மனுசனுக்கு?"

இத்ரூஸ் வேனின் பக்கத் தகரத்தில் உளியை வைத்துச் சுத்தியலால் ஓங்கித் தட்டினார். அந்தச் சத்தம் பசறைச் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும்.

அவருடைய மனைவி உம்மு குல்தூம் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் ஆம்பிளைகளுக்கு எங்கிருந்துதான் இவ்வளவு வேலை வந்துவிடுகிறதோ.

அந்த வேனில்தான் அவர் தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சம்பள நாட்களில் துணி விற்றார். துணிக்குத் தட்டுப்பாடு வந்ததும் வேன் கொய்யா மரத்தடியில் நின்றுவிட்டது. பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில், யாரும் சொல்லாமலே, அதை வீடாக்கத் தொடங்கினார்.

"இனி வேனிலயே ஆக்கித் தின்டு, வேனிலயே படுத்து ஒழும்பி, தோட்டத்துப் பக்கம் தங்கி யாவாரம் செய்யப் போறேன்" என்றார்.

விற்கத் துணி இல்லாதவருக்கு என்ன வியாபாரம்?

அதை அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஹம்ஸியா முன்பொருநாள் வேலியோரம் வந்து சொன்னது அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது. பூனாகலைத் தோட்டத்தில் ஒரு வீட்டில் இத்ரூஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறாராம்.

வியாபாரி வாசலில் நின்று துணி விரிப்பான். செருப்பைக் கழற்ற மாட்டான்.

லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. இத்ரூஸ் கைகாலைக் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் போனார். தெரு முனையில் அவருடைய தொப்பி மறையும்வரை பார்த்திருந்து, உம்மு குல்தூம் வேனுக்குள் ஏறினாள்.

உள்ளே தேயிலை வாசம்.

தேயிலை ஏற்றும் பெட்டிகளை உடைத்து, அந்தப் பலகையைச் சுற்றிவர அடித்திருந்தார். குளிருக்காக ஈயத்தாள் ஒட்டிய பக்கத்தை உள்ளே பார்க்க வைத்திருந்தார். கூரையில் ஒரு தகரப் பீப்பா, அதிலிருந்து மழைத்தண்ணீர் இறங்க ஒரு ரப்பர் குழாய். மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு. பழைய பெற்றரியில் கம்பி முடிந்து ஒரு சின்ன பல்பு.

கஞ்சத்தனமாகத்தான் செய்திருந்தார். ஆனால் ஆசையாகச் செய்திருந்தார். அதுதான் அவளைச் சுட்டது.

கட்டிலை முழம் போட்டாள். அவருடைய உடம்புக்கே அது காணாது.

ஒட்டிப் படுக்கவாக்கும்.

பலகைத் தட்டில் ஒரே ஒரு சோற்றுப் பீங்கான் இருந்தது. ஒரே ஒரு கோப்பை. அப்படியென்றால் ஒரு ஆளுக்குத்தானா? வருகிறவள் தன் கோப்பையைத் தானே கொண்டு வருவாள், இல்லையா?

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு திரை தொங்கியது. நீலப் பூப்போட்ட வொயில். போன வருடம் அவள் ஆசைப்பட்டுக் கேட்ட துணி. வித்துப் போச்சு என்று அல்லாஹ் மேல் ஆணையிடாத குறையாகச் சொன்னாரே!

திரையைப் பிடித்து இழுத்தாள். அது கழன்று அவள் கையோடு வந்தது.

"மெதுவா புள்ள. ஆணி சரியா ஏறல்ல."

இத்ரூஸ் வேனின் பின் கதவடியில் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவரோ வீடு காட்டுகிற ஆள் மாதிரிக் கூச்சத்தோடு சிரித்தார்.

"யாருக்கு இது? உள்ளதச் சொல்லுங்க."

"எனக்குத்தான். இந்த வீடு ஒங்கட வாப்பா ஒனக்கு எழுதித் தந்தது. நீ என்னய வேணாமெண்டா நான் எங்க போற?"

"யார் வேணாமெண்ட?"

"பதுளையில, காதியார்ட வீட்டு விறாந்தையில நீ இருந்தியாம். கண்டவங்க வந்து சொன்னாங்க."

அவளுடைய கையில் வொயில் துணி கசங்கியது.

பெருநாள் கழிந்த வாரம் அது. பல் பிடுங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாக பஸ் ஏறினாள். கல்யாணத்தை முறிக்கக் காதியாரிடம் வந்த பெண்களோடு அவருடைய வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்தாள். உள்ளே போகவில்லை. அப்படியே தெருவில் இறங்கி பஸ் நிலையத்துக்கு நடந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து பல் வலிக்கிறதென்று படுத்துக்கொண்டாள். இத்ரூஸ்தான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்.

கண்டவர்கள் பாதியைத்தான் கண்டிருக்கிறார்கள்.

மீதியைச் சொல்ல அவள் வாயெடுத்தாள். சொன்னால், ஏன் போனாள் என்பதையும் சொல்ல வேண்டும். பூனாகலை வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். கேட்டால் அவர் ஏதாவது பதில் சொல்லிவிடுவார்.

சொல்ல வந்ததை விட்டுவிட்டு, திரைத் துணியை மடிக்கத் தொடங்கினாள்.

அவள் முகத்தைப் பார்த்து அவள் முறிக்கத்தான் போகிறாள் என்று இத்ரூஸ் தனக்குத் தெரிந்தமட்டில் விளங்கிக்கொண்டார். தலையை மெல்ல ஆட்டினார்.

"தோட்டத்துப் பக்கம் தங்கப் போறேண்டது பொய். இது இனி எங்கயும் ஓடாது. என்ஜின வித்துத்தான் இவ்வளவும் செஞ்ச."

வேனுக்குள் ஏறாமல், கதவின் விளிம்பைப் பிடித்தபடியே நின்றார். தன் வீட்டு முற்றத்தில் அவர் அப்படி நின்று அவள் பார்த்ததில்லை.

"எல்லாம் முடிஞ்ச பொறகும், இந்தக் கொய்யா மரத்தடியிலயே இத நிப்பாட்டி வச்சிக்கொள்ளட்டா புள்ள?"